வாங்கிய கம்ப்யூட்டர் யாருக்குச் சொந்தம்?

முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் தோழர் ஒருவர் சென்ற மாதம் ஒரு லேப்டாப்பைத் துண்டில் சுற்றி நம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய மூத்த மகள் பிளஸ் டூ படித்தபோது சர்க்கார் இலவசமாகக் கொடுத்தது அது. மூத்தவள் படிப்பை முடித்துவிட்டாள். இப்போது இளையவள் அதில்தான் படிக்கிறாள். பஜாரில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதுல இருக்க விண்டோஸுக்குக் காலம் முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. புதுசு இதுல ஏறாது. எடைக்குப் போட்டுட்டு வேற வாங்கிருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தோழர் நம்மைக் கேட்டார்: "மிஷின் ஓடுது. திரை எரியுது. தட்டுனா எழுத்து விழுது. பெறகு எதுக்குத் தோழர் எடைக்குப் போடணும்?"

நியாயமான கேள்வி. இதைக் கேட்கவேண்டியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு லட்சக்கணக்கான லேப்டாப்புகள் கொடுக்கப்பட்டன. திரேஸ்புரத்துக் குடிசையிலும், ஸ்ரீவைகுண்டத்துக் காலனியிலும், கோவில்பட்டி மில் தொழிலாளி வீட்டிலும் முதல் கம்ப்யூட்டர் அதுவாகத்தான் நுழைந்தது. அவற்றில் எத்தனையோ இன்று பரண்மேல் கிடக்கின்றன. எத்தனையோ பழைய இரும்புக் கடைக்குப் போயின. இது யார் செய்த வேலை?

விஷயத்தை அடியிலிருந்து பார்ப்போம். கம்ப்யூட்டரின் இரும்பும் கண்ணாடியும் ஒன்று. அதை நடத்துகிற மென்பொருள் வேறொன்று. மென்பொருள்களுக்கெல்லாம் தலைமையானதை இயக்குதளம் என்கிறார்கள். தாமிரபரணிக் கால்வாயில் நீர்ப்பாய்ச்சி என்ன செய்கிறாரோ, அதையே இயக்குதளம் செய்கிறது. எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது, எங்கே அடைப்பது என்பதெல்லாம் நீர்ப்பாய்ச்சியின் கையில். கம்ப்யூட்டரிலும் எழுதுகிற வேலை, படம் காட்டுகிற வேலை, அச்சடிக்கிற வேலை என்று ஒவ்வொன்றுக்கும் இயந்திரத்தின் சக்தியைப் பங்கிட்டுக் கொடுப்பது இதுதான். இது இல்லாவிட்டால் குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் பயிர் கருகுவது போலத்தான்.

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது விண்டோஸ். அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனியுடையது. அதன் பத்தாம் பதிப்பு 2015-ல் வந்தது. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு அதற்கு இலவசமாகத் திருத்தம் தருவதைக் கம்பெனி நிறுத்திக்கொண்டது. எந்த மென்பொருளிலும் ஓட்டைகள் உண்டு. திருடர்கள் அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். செய்தவன் அடைத்துக்கொண்டே வரவேண்டும். அந்த அடைப்புக்குப் பெயர்தான் திருத்தம். அடைப்பது நின்றுவிட்டால் ஒழுகும் தோணியில் கடலுக்குப் போவதுதான். 2026 அக்டோபர் வரை தவணை ஒன்றும் அறிவித்தார்கள். முப்பது டாலர் கட்டலாமாம்; இல்லாவிட்டால் கம்பெனியிடம் கணக்குத் தொடங்கி, உங்கள் கம்ப்யூட்டரின் அமைப்புகளை அவர்கள் கிடங்கில் ஒப்படைத்தால் சும்மா கிடைக்குமாம். அதற்குப் பிறகு? பதினோராம் பதிப்புக்குப் போ என்கிறார்கள். ஆனால் அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஏறக்குறைய 2017-ம் ஆண்டுக் கடைசிக்குப் பிறகு வந்த பிராசசரும் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. உப்பளத் தோழரின் லேப்டாப் அந்த நிபந்தனையில்தான் தோற்றது.

மில் தோழர்கள் இப்படி நினைத்துப் பார்க்கட்டும். ரிங் பிரேம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்து விற்ற கம்பெனிக்காரன் மில்லுக்குள் வருகிறான். "இதற்கு இனி நான் எண்ணெய் விடமாட்டேன். எண்ணெய்த் துளை எங்கே இருக்கிறதென்று சொல்லவும் மாட்டேன். வேறு யாரும் மூடியைக் கழற்றிப் பார்க்கவும் கூடாது" என்கிறான். எந்த மில் முதலாளியாவது இதற்குச் சம்மதிப்பானா? மில் முதலாளி சம்மதிக்காத ஒன்றுக்கு நாம் வீட்டில் சம்மதித்து உட்கார்ந்திருக்கிறோம். அந்தக் கம்பெனியின் உரிமப் பத்திரத்தைப் படித்தால் தெரியும். மென்பொருளை உங்களுக்கு விற்கவில்லை, உபயோகிக்க அனுமதிதான் கொடுக்கிறோம் என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. மூச்சடக்கி மூழ்கியவன் ஒருவன், முத்துக்கு உரிமை கொண்டாடியவன் வேறொருவன் என்பதைப் பல நூற்றாண்டுகள் கண்ட கரை இது. நமக்கு இது புதிதாகத் தோன்றவேண்டியதில்லை.

"மைக்ரோசாப்டுக்குக் காசு கொடுத்தவர் நம்மில் யார்? கடையில் பத்து நிமிஷத்தில் திருட்டுப் பிரதி ஏற்றித் தருகிறார்களே, அதில் என்ன நஷ்டம்?" என்று கேட்கும் வாலிபர்களும் உண்டு. தூத்துக்குடியில் பிறந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா?

1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, மூலதனம் பத்து லட்சம். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. அதுவரை அந்தக் கடல்வழியில் ஏகபோகம் செலுத்திவந்த பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. பிறகும் குறைத்தது. கடைசியில் கட்டணமே வேண்டாம், ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாம் என்றது. சுதேசிக் கப்பலிலோ காசு கொடுத்துத்தான் ஏறவேண்டும். எது இலவசம்? வெள்ளைக்காரன் கப்பல். எது சுதந்திரம்? நம் கப்பல். இரண்டும் ஒன்றல்ல என்பதை நம் பாட்டன்மார் புரிந்துகொண்டார்கள். எல்லாரும் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லமுடியாது; குடை வாங்கியவர்களும் இருந்தார்கள். 1908 மார்ச்சில், கோரல் மில் வேலைநிறுத்தம் முடிந்த கையோடு, வ.உ.சி. கைதானார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டி ஒழிந்தபின் குடை கொடுக்கவேண்டிய அவசியம் யாருக்கு?

திருட்டுப் பிரதியும் அந்தக் குடைதான். நாமாகச் சொல்லவில்லை. 1998-ல் பில் கேட்ஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் சீனாவைப் பற்றிப் பேசும்போது இதைப் பகிரங்கமாகவே சொன்னார். திருடுவதானால் எங்களுடையதையே திருடட்டும், பழக்கம் பிடித்துக்கொள்ளும், பணம் வசூலிக்கும் வழியைப் பிற்பாடு கண்டுபிடிப்போம் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. நாற்பது வருஷமாக இருக்கிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கே புதிதாக வந்த அச்சு இயந்திரம் ஒன்று அடிக்கடி காகிதத்தைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். தாமே சரிசெய்யலாம் என்று அதன் மென்பொருள் மூலத்தைக் கேட்டார். வைத்திருந்தவர் தர மறுத்தார். யாருக்கும் கொடுப்பதில்லை என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாராம். ஒரு தொழிலாளி தன் கருவியைப் பழுதுபார்க்கக்கூட உரிமை இல்லையா என்ற கோபம்தான் தொடக்கம். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21, லினக்ஸ் என்ற மையப்பகுதியை எழுதி எல்லாருக்கும் கொடுத்தார். இரண்டும் சேர்ந்து முழு இயக்குதளமாயிற்று. இன்று உலகத்தின் மிகப் பெரிய 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பதும் லினக்ஸ்தான். அதன்மேல் கூகுள் வேலி போட்டுக்கொண்டது வேறு கதை.

இதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். விவசாயத் தோழர்களுக்கு இதை விளக்க விதைநெல்லே போதும். வீட்டில் எடுத்துவைத்த விதையை எந்த வயலிலும் விதைக்கலாம். பிரித்துப் பார்த்து அதன் குணம் அறியலாம். பக்கத்து வீட்டுக்கு ஒரு மரக்கால் கொடுக்கலாம். நல்ல கதிராகப் பொறுக்கி விதையைத் தேற்றி, தேறியதையும் ஊருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமையும் இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். இதற்கு மேல் குனு உரிமப் பத்திரத்தில் ஒரு சாமர்த்தியம் உண்டு. வாங்கிய விதையைத் தேற்றி வேறொருவருக்குக் கொடுக்கிறவன், அதே உரிமைகளோடுதான் கொடுக்கவேண்டும். தன் பெயரில் பூட்டிவைத்துக் கொடுக்கமுடியாது. லினக்ஸ் மையப்பகுதியும் 1992-லிருந்து இந்தப் பத்திரத்தின்கீழ்தான் வருகிறது.

இதைச் சோஷலிசம் என்று சொல்லி நாம் யாரையும் ஏமாற்றப் போவதில்லை. லினக்ஸ் எழுதுகிறவர்களில் பலர் இன்டெல், கூகுள் போன்ற பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள். மைக்ரோசாப்டே அதற்கு வேலை செய்து கொடுக்கிறது. தங்கள் லாபத்துக்குத்தான் செய்கிறார்கள். ஆனாலும் செய்ததை அவர்களால் பூட்டிவைக்க முடியவில்லை. முக்கியமானது அதுவே.

"கம்ப்யூட்டரே வேண்டாம் என்று கொடி பிடித்த ஆட்கள்தானே நீங்கள்?" என்று ஒரு வாசகர் நம்மைக் குத்திக்காட்டினார். ஆம், பிடித்தோம். 1960-களில் எல்.ஐ.சி.க்குக் கம்ப்யூட்டர் வந்தபோது கல்கத்தாவில் இலாகோ ஹவுஸ் முன்னால் ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். அன்று பிரச்னை வேலை. இயந்திரம் யார் கையில் இருக்கிறது, யாருடைய சோற்றில் மண் விழுகிறது என்ற கேள்வி அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் இயந்திரத்தைத் தொடாமலே இருந்துவிடலாம் என்று நம்மில் சிலர் வெகுகாலம் நினைத்ததும் உண்மை. அந்தத் தவறை மறைக்கவேண்டியதில்லை.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2001-ல் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் வந்தது. ஆசிரியர்களும் மென்பொருள் ஆர்வலர்களும் வற்புறுத்தியதால் சில ஆண்டுகளில் அது கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. சர்க்கார்ப் பள்ளிப் பிள்ளைகள் மலையாளத்திலேயே லினக்ஸ் பழகுகிறார்கள். 2019-ல் புதிய பதிப்பை வெளியிட்டபோது, 2 லட்சம் கம்ப்யூட்டர்களில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த மாநிலத்தின் கைட் நிறுவனம் கணக்குச் சொன்னது. சர்க்கார் கணக்கு; கொஞ்சம் தாராளமாகவே போட்டிருப்பார்கள். பாதியைக் கழித்தாலும் 1,500 கோடி!

தமிழ்நாட்டில் முயற்சி நடக்காமலில்லை. 2006-07-ல் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். முதலில் தம் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். சென்னை சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற இந்திய லினக்ஸைச் செய்து 2007-ல் வெளியிட்டது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.யை மைக்ரோசாப்ட் கைவிட்டபோது, இலாகாக்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறவேண்டும் என்று மாநில சர்க்கார் உத்தரவும் போட்டது. அன்று எக்ஸ்.பி., இன்று பத்தாம் பதிப்பு, நாடகம் ஒன்றே. உத்தரவு பைலில் இருந்தது, மேஜைமேல் விண்டோஸ் இருந்தது.

இலவச லேப்டாப்பிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே ஏற்றிக் கொடுத்தார்கள். உப்பளத் தோழரின் பெட்டியிலும் அது இருந்தது! திறந்து காட்டியபோது மூத்த மகளே திகைத்துப் போனாள். "ஸ்கூல்ல ஒருத்தரும் இதச் சொல்லித் தரலியே மாமா" என்றாள். ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை, பழுதுபார்க்க ஆள் இல்லை. விதையை மூட்டையோடு கொடுத்தார்கள். மூட்டையைப் பிரிக்கச் சொல்லவில்லை.

வீட்டில் ஒரு லேப்டாப் நிற்பதோடு விஷயம் முடிந்துவிடாது. 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி என்ற எண்ணெய்க் கம்பெனிக்கு என்ன நேர்ந்தது? குஜராத்தில் வாடினாரில் பெரிய சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் கம்பெனி. ரஷ்யாவின் ராஸ்னெப்டுக்கு அதில் பங்கு உண்டு என்பதால் ஐரோப்பிய யூனியன் தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் அதன் மெயிலையும் மற்ற சேவைகளையும் நிறுத்திவிட்டது. கட்டவேண்டிய பணம் கட்டப்பட்டிருந்தது. இந்தியச் சட்டப்படி தடை எதுவும் இல்லை. நயாரா டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போன பிறகுதான் சேவை திரும்பியது. அது கோடிக்கணக்கில் புரளும் கம்பெனி. கோர்ட்டுக்குப் போக முடிந்தது. நம் துறைமுகத்துக்கோ, மின்நிலையத்துக்கோ, ஆஸ்பத்திரிக்கோ நாளை இப்படி ஒரு நாள் வந்தால்?

மத்திய சர்க்கார் இப்போது சுதேசி பேசி, தன் ஊழியர்களின் மெயிலை ஜோஹோவுக்கு மாற்றியிருக்கிறது. தென்காசிப் பக்கம் நம் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கும் கம்பெனி, சந்தோஷம். ஆனால் பூட்டு உள்ளூரில் செய்யப்பட்டதாலேயே சாவி நம் கைக்கு வந்துவிடாது.

மாறுவது சுலபம் என்று சொல்லமாட்டோம். நம் அலுவலகத்துக் கம்ப்யூட்டரை மாற்றிய அனுபவத்திலிருந்து சொல்கிறோம். முதல் நாளே அவசரப்பட்டு, பைல்களைத் தனியாகப் பிரதி எடுக்காமல் லினக்ஸை ஏற்றினோம். சந்தாதாரர் பட்டியல் முழுவதும் போயிற்று. தவறு லினக்ஸுடையதல்ல, நம்முடையது. நோட்டுப் புத்தகங்களைப் பார்த்து இரண்டு வாரம் உட்கார்ந்து திரும்ப அடித்தோம். அடுத்தது எழுத்துப் பிரச்னை. பழைய கட்டுரைகளெல்லாம் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாக நிற்கும். 2010-ல் தமிழ்நாடு சர்க்காரே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நாமோ சோம்பல்பட்டுப் பழையதிலேயே இருந்துவிட்டோம். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொன்றையும் படித்துத் திருத்தத்தான் வேண்டியிருந்தது. தமிழ்99 விசைப்பலகை பழக வயதான தோழருக்கு ஒரு மாதம் பிடித்தது. பக்கம் கட்டும் தோழர் பேஜ்மேக்கரை விடமாட்டேன் என்றார். அவருக்காக ஒரு கம்ப்யூட்டரை, இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, விண்டோஸோடேயே வைத்திருக்கிறோம். டாலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கும், சில மாதிரிப் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் சங்கடம் உண்டு. விசாரித்துவிட்டு மாறுவது நல்லது.

படிக்கிற பிள்ளைக்கு இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை கிடையாது. கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ். இன்டர்நெட் பார்க்க பயர்பாக்ஸ். இரண்டும் தமிழ் காட்டும், இரண்டும் கட்டற்றவை. பாடம் படிக்க, விண்ணப்பம் நிரப்ப, வீடியோ பார்க்க வேறென்ன வேண்டும்? தமிழில் சொல்லித்தர கணியம் என்ற ஏட்டைத் தன்னார்வ வாலிபர்கள் 2012 ஜனவரியிலிருந்து நடத்துகிறார்கள்.

மாநில சர்க்காரை நாம் கேட்பது பெரிய காரியமல்ல. கொடுத்த லேப்டாப்புகளை அப்படியே கைகழுவிவிடக் கூடாது. ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு நூலகத்தில், வாரம் ஒரு நாள், பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் ஏற்றித்தர ஒரு ஆளை உட்காரவைக்கட்டும். பள்ளியில் விண்டோஸ் கற்றுக்கொடுக்கும் அதே நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கட்டும். சர்க்கார் விண்ணப்பங்கள் எந்த இயக்குதளத்திலும் திறக்கும்படி இருக்கட்டும்.

உப்பளத் தோழரின் லேப்டாப் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதில் இருந்த பாஸ் மிகப் பழைய பதிப்பு. அதுவும் திருத்தம் பெறாதது. ஆகவே லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்.எப்.சி.இ. என்ற இலேசான வகையை ஒரு பென் டிரைவில் இறக்கினோம். ஏற்றுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது எதுவும் கலையாது. திரை, ஒலி, வைபை எல்லாம் வேலை செய்கிறதா என்று அரைமணி நேரம் பார்த்தோம். இந்தத் தடவை பைல்களை முதலில் பிரதி எடுத்தோம். முழுவதும் ஏற்ற முக்கால் மணி பிடித்தது. பேட்டரி செத்துவிட்டது, கரண்டில் போட்டால்தான் ஓடும். அதற்கு லினக்ஸ் மருந்தல்ல. இளையவள் முதல் வேலையாகத் திரையில் இருந்த படத்தை மாற்றி வேறொரு போட்டோவை வைக்கப் போனாள். அப்பா அதட்டியதும் பாடப் புத்தகத்தைத் திறந்தாள்.

ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் நம் அலுவலகத்தில் இரண்டு வாலிபத் தோழர்கள் இந்த வேலைக்கு உட்காருகிறார்கள். கட்டணம் இல்லை. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று கொண்டுவரவும். வேண்டிய பைல்களை வேறோரிடத்தில் பிரதி எடுத்துவிட்டு வரவும். சார்ஜரை மறக்கவேண்டாம், சென்ற வாரம் வேம்பாரிலிருந்து பஸ் ஏறி வந்தவர் அதற்காகவே திரும்பிப் போக நேர்ந்தது.